கார் பாலிஷ்: எந்த பேட் எதற்கு?

கேள்வி: என்னுடையது கறுப்பு கார். தனுஷ்கோடிப் பக்கம் அடிக்கடி போகிறேன். வெயிலில் பார்த்தால் போனட் முழுக்க வட்டவட்டமாகக் கீறல். டியூயல் ஆக்‌ஷன் மெஷின் (பேட் சுழன்றபடியே அதிரும் வகை) வாங்கியாயிற்று. கம்பளி, மைக்ரோஃபைபர், ஃபோம் என மூன்று வகை பேட் காட்டுகிறார்கள். எதை எடுக்க?
– வாசகர், மண்டபம்

பதில்: ஃபோம் எடுங்கள். கம்பளி வேகமாக வெட்டும், அதாவது பெயின்ட்டின் மேல்பூச்சைத் தேய்த்தெடுக்கும். ஆனால் தன் பங்குக்கு மெல்லிய கோடுகளை விட்டுப்போகும், கறுப்பில் அது அப்பட்டமாகத் தெரியும். மைக்ரோஃபைபர் நன்றாக வெட்டினாலும் சூடு ஏற்றும். நம் வெயிலில், பழகாத கைக்கு அது வேண்டாம்.

ஃபோமிலும் கட்டிங், பாலிஷிங், ஃபினிஷிங் என்று மூன்று உண்டு. நிறத்தை நம்பி வாங்காதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எந்த வகை என்று கேட்டு, விரலால் அழுத்திப் பாருங்கள்: கட்டிங் விறைப்பாக இருக்கும், ஃபினிஷிங் பஞ்சாக அமுங்கும். மெஷினின் பேக்கிங் பிளேட் (பேட்டை ஒட்டும் தட்டு) 5 அங்குலம் என்றால் பேட் ஐந்தரை இருக்கட்டும். இரண்டும் ஒரே அளவானால் பிளேட்டின் விளிம்பு பெயின்ட்டில் இடிக்கும். பாலிஷிங் 4, கட்டிங் 2, ஃபினிஷிங் 2 வாங்கினால் ஒரு காருக்குச் சரியாக இருக்கும். ஒரே பேட்டில் முழுக் காரையும் முடிக்கப் பார்த்தால் ஃபோம் காம்பவுண்டை (பாலிஷ் பசையை) குடித்து, சூடேறித் தொளதொளத்துவிடும். பிறகு அது வெட்டாது.

முதலில் போனட்டில் ஒன்றரை அடிச் சதுரத்தை டேப் ஒட்டிப் பிரித்து, பாலிஷிங் பேட்டில் சோதியுங்கள். புது பேட்டின் முகம் முழுவதும் பாலிஷை மெல்லிசாகத் தடவி, மேலே பட்டாணி அளவில் நாலு சொட்டு. மெஷின் வேகத்தை 1-ல் வைத்துப் பரப்பி, 4 அல்லது 5-க்கு ஏற்றுங்கள். கை விநாடிக்கு ஓர் அங்குலம் நகரட்டும். முந்தைய தடத்தில் பாதியை மறைத்தபடி, குறுக்கும் நெடுக்குமாக நாலு முறை. துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். கீறல் போயிருந்தால் கட்டிங் பேட்டைப் பிரிக்கவே வேண்டாம். நிறத்துக்கு மேலுள்ள கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு பொதுவாக 40, 50 மைக்ரான்தான், வெட்டியது திரும்பாது. கட்டிங் போட்டே ஆகவேண்டும் என்றால் அதன்மேல் ஃபினிஷிங் கட்டாயம்.

எந்த பேட்டானாலும் மணல் ஒன்று போதும், கெடுக்க. தனுஷ்கோடி மணல் கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் பீடிங்கிலும் போனட் இடுக்கிலும் ஒளிந்திருந்து, மெஷின் அதிர்வில் வெளியே வரும். இடுக்குகளில் தண்ணீர் அடித்துக் கழுவி, கிளே (ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் கட்டி) போட்டு, பீடிங் ஓரம் டேப் ஒட்டிய பிறகே மெஷினை எடுங்கள். தரையில் விழுந்த பேட்டைக் கழுவாமல் திரும்ப வைக்காதீர்கள்.

கேள்வி: பேட்டின் நடுப்பகுதி உருகி வெல்க்ரோ கழன்றுவிட்டது. மட்டமான பேட்டா?
– வாசகர், கீழக்கரை

பதில்: பெரும்பாலும் அழுத்தம்தான் காரணம். சூடு நடுவில்தான் தேங்கும், அங்கேதான் பசை இளகும். பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். வேலை செய்யும்போது கோடு சுற்றுவது தெரிய வேண்டும். நின்றுபோய் அதிர்வு மட்டும் இருந்தால் கையைத் தளர்த்துங்கள். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பிரஷ்ஷால் தேய்த்து, காய்ந்த காம்பவுண்டை உதிர்த்துவிடுங்கள். முடிந்ததும் பேட்டை மெஷினிலேயே விடாமல் கழற்றி, சோப்பில் கசக்குங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் காவிரிக் குடிநீர்; உப்புத் தண்ணீரில் அலசினால் காய்ந்தபின் உப்பு ஃபோமிலேயே தங்கிவிடும். நிழலில் உலர்த்துங்கள்.

கேள்வி: போர் தண்ணீரில் கழுவிய காரில் வெள்ளைப் புள்ளிகள். ஃபினிஷிங் பேட்டில் போகுமா?
– வாசகர், தொண்டி

பதில்: பேட்டுக்கு முன் வினிகர். சம அளவு தண்ணீர் கலந்து துணியில் நனைத்து, புள்ளிமேல் ஒரு நிமிடம் வைத்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மேலே படிந்த உப்பு என்றால் கரைந்துவிடும். பெயின்ட்டை அரித்துப் பள்ளமாக்கியிருந்தால் ஃபினிஷிங் பேட் போதாது, பாலிஷிங் பேட் வேண்டும். வினிகர், பேட் இரண்டையுமே பேனல் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில், நிழலில் செய்யுங்கள்.