வீணாக விழும் நீரா?

அன்புள்ள ஐயா,

வெனிசுவேலாவின் ஏஞ்சல் நீர்வீழ்ச்சி பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ஆதங்கமாக இருந்தது. 979 மீற்றர் உயரத்திலிருந்து நீர் விழுகிறது. அதில் ஒரு மின்குமிழ்கூட எரிவதில்லை. 2022இல் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டை வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடியில் கைக்குழந்தையோடு கழித்தவன் நான். லிப்ட் இல்லை, குழாயில் தண்ணீரும் இல்லை. அப்படியோர் அருவி நம் நாட்டில் இருந்தால் அழகு என்று சொல்லி அதை வீணாக விடலாமா?

க., வெள்ளவத்தை

அன்புள்ள க.,

அந்த நாட்களில் கொழும்பில் இருந்த எவராலும் உங்கள் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அந்த நீர் வீணாகிறது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

அந்த அருவி இறங்கும் ஔயான் தெபுய் என்ற மேசைமலையின் உச்சி ஏறத்தாழ 700 சதுர கிலோமீற்றர் பரப்புள்ளது. அங்கே பனிமலையோ பெரிய ஏரியோ கிடையாது. பெய்கிற மழை மணற்கல்லின் வெடிப்புகளில் இறங்கி, விளிம்புக்குச் சற்றுக் கீழே பாறையைப் பிளந்துகொண்டு பீறிடுகிறது. அங்கிருந்து 807 மீற்றர் எதிலும் மோதாமல் விழுகிறது. பாதி வழியிலேயே தாரை சிதறிப் புகையாகிவிடும். கீழே நிற்பவர் மேல் படுவது பெரும்பாலும் காற்றில் அலையும் தூவானம்தான். டிசம்பரில் மழை ஓய்ந்ததும் அருவி மெலிந்து நூலாகிறது. சூரூன் ஆற்றிலும் நீர் வற்றிப்போக, மரத்தைக் குடைந்து செய்த பெமோன் மக்களின் படகுகள் பள்ளத்தாக்குக்குள் போக முடியாது. சாலை என்ற ஒன்று அங்கே இல்லவே இல்லை.

மின்சாரத்துக்கு உயரம் மட்டும் போதாது, நீரின் அளவும் வேண்டும். விநாடிக்கு ஒரு கன மீற்றர் நீர் 807 மீற்றர் விழுந்தால், எந்த இழப்பும் இல்லையென்று வைத்துக்கொண்டாலும், ஏறக்குறைய 8 மெகாவாட்தான் கிடைக்கும். கோடையில் அதுவும் நிச்சயமில்லை. நீரைத் தேக்கி வைப்பதென்றால் மலையுச்சியில்தான் அணை கட்ட வேண்டும். உலகில் வேறெங்கும் இல்லாத செடிகள் வளரும் இடம் அது. எட்டு மெகாவாட்டுக்காக அதை மூழ்கடிக்கச் சொல்வீர்களா?

விழுந்த நீர் எங்கே போகிறது என்று பாருங்கள். சூரூனில் ஓடி கராவ் ஆற்றில் சேர்ந்து, கராவ் கரோனி ஆற்றில் கலக்கிறது. அந்தக் கரோனியின் குறுக்கேதான் கூரி அணை இருக்கிறது. அதன் நீர்மின் நிலையத்தின் திறன் 10,000 மெகாவாட்டுக்கும் மேல். வெனிசுவேலாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. நீங்கள் வீண் என்று நினைத்த அதே நீர்தான் கராகஸ் நகரில் விளக்கெரிக்கிறது. 1962இல் அமைந்த கனைமா தேசியப் பூங்காவை 1975இல் 30,000 சதுர கிலோமீற்றராக விரித்தபோது இந்த ஆறுகளின் நீரேந்துப் பகுதியைக் காப்பதும் ஒரு நோக்கமாக இருந்தது. 2010இலும் 2016இலும் மழை பொய்த்துக் கூரியின் நீர்மட்டம் இறங்கியதும் அந்த நாடே மின்வெட்டில் தவித்தது. இன்று அந்தப் பிரதேசத்தில் தங்கத்துக்காகக் காட்டை வெட்டி ஆற்றில் பாதரசம் கலப்பவர்கள்தான் எனக்குக் கவலை தருகிறார்கள்.

நான் நீர்மின்சாரத்தின் எதிரி அல்ல. 1918இலேயே மலைநாட்டு நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று எடுத்துச் சொன்ன பொறியியலாளர் விமலசுரேந்திர மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. 1950இல் லக்சபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதன் பயனை நாம் இன்றும் அனுபவிக்கிறோம். ஆனால் தலவாக்கலையில் இறங்கி சென். கிளேயர் நீர்வீழ்ச்சியைப் பாருங்கள். அதற்கு மேலேயே ஆற்றை மறித்து, நீரைச் சுரங்கத்தில் திருப்பி, 2012 முதல் மேல் கொத்மலையில் 150 மெகாவாட் எடுக்கிறோம். அருவிக்கு அளந்து விட்ட நீர் நடுப்பாறையில் மட்டும் இறங்க, இருபுறமும் பாறை உலர்ந்து கறுத்துக் கிடக்கிறது. அந்தத் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் குடும்பங்கள் வீட்டைவிட்டு எழும்பின. நம் வீட்டுச் சுவிட்சைப் போடும்போது அந்த விலையையும் சேர்த்துக் கணக்கெழுத வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

2022இல் உங்கள் குழந்தை இருட்டில் அழுததற்கு அருவி இல்லாதது காரணமல்ல. எரிபொருள் வாங்க டொலர் இல்லை; நீர்த்தேக்கங்களிலும் நீர் குறைந்திருந்தது. தேயிலைச் சரிவுகளிலிருந்து மழை அரித்துவரும் மண் ஒவ்வொரு வருடமும் அந்த நீர்த்தேக்கங்களில் படிகிறது. மண் படிந்த அளவுக்கு நீர் நிற்க இடமில்லாமல் போகிறது. சரிவுகளில் மரம் நடவும், ஓடைக்கரைகளை வெட்டாமல் விடவும் தோட்டக் கம்பனிகளை யார் கட்டாயப்படுத்துகிறார்கள்? உங்கள் ஆதங்கத்தோடு இந்தக் கேள்வியை உங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கும் எழுதிக் கேளுங்கள். நானும் எழுதுகிறேன்.