வாசகர் கேள்வி–பதில்: அடுத்த வீட்டு அடுப்பு

கேள்வி: திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறோம். பக்கத்து வீட்டு அக்காவும் அவர் கணவரும் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்கள். அமெரிக்கா வரியை உயர்த்திய பிறகு அவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. முன்பெல்லாம் காபித்தூள், சர்க்கரை என்று உரிமையோடு கேட்டு வாங்கும் அந்த அக்கா இப்போது எங்கள் வாசலுக்கே வருவதில்லை. எங்கள் வருமானமும் அளவானதுதான். ஒரு மூட்டை அரிசி வாங்கிக் கொடுக்கலாமா? தவறாக நினைத்துக்கொள்வாரோ என்று தயக்கமாக இருக்கிறது. – வாசகி, திருப்பூர்

பதில்: தயங்காமல் உதவுங்கள். அவர் கேட்பதை நிறுத்தியதே அந்த வீட்டின் நிலையைச் சொல்லிவிடுகிறது. திருப்பித் தர முடியும் என்ற நம்பிக்கை இருக்கும் வரைதான் நம் பெண்கள் கைமாற்று கேட்பார்கள். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களின் மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது, அந்த நாட்டு ஆர்டர்களை நம்பியிருந்த உங்கள் ஊர் பின்னலாடைத் தொழில் நேரடியாக அடி வாங்கியது. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு வேலையில்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. ஓவர்டைம் பணத்தை நம்பி ஒப்புக்கொண்ட வாடகையும் தவணையும் மட்டும் குறையாமல் நிற்கின்றன.

ஆனால் அரிசி மூட்டை வேண்டாம் என்றே சொல்வேன். அரிசி அட்டை உள்ள வீட்டுக்கு ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. முட்டுப்பாடு வேறு இடத்தில் இருக்கிறது: வாடகை, காஸ் சிலிண்டர், பால், காய்கறி, எல்லாவற்றுக்கும் மேலாகக் குழுக் கடன். ஒருவர் தவணை கட்டத் தவறினால் குழுவில் உள்ள மற்ற பெண்கள் அதைச் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும் என்பதால், அந்தப் பேச்சுக்கு அஞ்சி, வீட்டில் குழம்பு வைக்காமல்கூடத் தவணையைக் கட்டிவிடுவார்கள். ஆகவே பணமாகக் கொடுப்பதே நல்லது. கையில் கொடுக்கக் கூச்சமாக இருந்தால், தெருமுனை மளிகைக் கடையில் அவர்கள் பற்றுக் கணக்கில் ஐந்நூறோ ஆயிரமோ வரவு வைக்கச் சொல்லுங்கள். பாக்கி குறைந்தால்தான் கடைக்காரர் முகம் சுளிக்காமல் அடுத்த பொட்டலத்தைக் கட்டுவார்.

2020 ஊரடங்கின்போது எங்கள் தெருவில் நிவாரணப் பை கொடுத்தார்கள். ஒவ்வொருவரையும் பையோடு நிறுத்திப் புகைப்படம் எடுத்தார்கள். எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மாள், கேமராவைத் தூக்கியதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். முகம் தெரியவில்லை என்று இரண்டாம் முறையும் நிற்கச் சொன்னார்கள். பையை அங்கேயே வைத்துவிட்டு அவர் போய்விட்டார். அதை எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டுத் திண்ணையில் வைக்க எனக்கு அன்று தோன்றவில்லையே என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் கொடுங்கள் என்று உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்வது அதனால்தான்.

கேள்வி: அறக்கட்டளை வழியாக உதவ விரும்புகிறேன். வருமான வரிச் சலுகை கிடைக்குமா? – வாசகர், கோவை

பதில்: அந்த அறக்கட்டளைக்கு, 80ஜி என்று வழக்கமாகச் சொல்லப்படும் நன்கொடை வரிக் கழிவு அனுமதி இருந்து, நீங்களும் பழைய வரி முறையில் கணக்குத் தாக்கல் செய்பவராக இருந்தால் கிடைக்கும், புதிய முறையில் இந்தக் கழிவு இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடைக்காது என்பதால் வங்கி வழியாக அனுப்பி, ரசீதோடு வரிக் கழிவுக்கான நன்கொடைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். சென்ற ஆண்டு எந்த ஊரில், எத்தனை குடும்பங்களுக்கு, எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்துபவர்கள் இந்தக் கேள்விக்கு வருத்தப்பட மாட்டார்கள்.

கேள்வி: கஷ்டப்படும் ஒரு குடும்பத்துக்கு உதவ நினைக்கிறோம். பணம் கொடுத்தால் அந்த வீட்டுக் கணவர் குடித்துவிடுவார் என்ற அச்சம் இருக்கிறது. எங்களிடம் அதிகப் பணமும் இல்லை. வேறு எப்படி உதவலாம்? – வாசகி, ஈரோடு

பதில்: அப்படிப்பட்ட வீட்டில் பணத்தை அந்தப் பெண்ணின் கையில் கொடுங்கள், அல்லது வாடகையை வீட்டு உரிமையாளரிடமே கட்டிவிடுங்கள். குடிப்பவரின் பிள்ளைக்கும் பசிக்கும் என்பதால், அவரைக் காரணம் காட்டி அந்த வீட்டையே ஒதுக்கிவிடாதீர்கள். வெளி மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்தவர்களாக இருந்தால், சொந்த ஊர் ரேஷன் அட்டைக்கு இங்கேயே பொருள் வாங்கலாம் என்று சொல்லி, முதல் முறை நீங்களே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். பலருக்கு இது தெரிவதில்லை. அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் குழந்தைக்குப் பள்ளி நாட்களில் காலையும் மதியமும் அங்கேயே சாப்பாடு உண்டு. விடுமுறை நாளில்தான் அந்தத் தட்டு காலியாக இருக்கும். சனிக்கிழமை இட்லிக்கு ஊறப்போடும்போது ஓர் ஆழாக்கு கூடுதலாகப் போடுங்கள். மறுநாள் காலையில் உங்கள் பிள்ளையோடு அந்தப் பிள்ளையும் உட்கார்ந்து சாப்பிடட்டும்.