யார் டர்ன், யார் கார்டு முதலில்?

அன்புள்ள அண்ணா,

ஹட்டனில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேர் கூடி மேஜிக் என்ற கார்டு ஆட்டம் விளையாடுவோம், கமாண்டர் முறையில் (ஆளுக்கு 40 லைஃப், அதாவது உயிர்ப்புள்ளி, வைத்துத் தொடங்குவது). போன ஆட்டத்தில் சண்டை வந்துவிட்டது. என் டர்னில் ஒரு கிரியேச்சர் (மேசையில் இறக்கிய உயிரினக் கார்டு) செத்தது. என்னிடமும், எனக்கு வலப்பக்கம் இருந்த நண்பனிடமும் பிளட் ஆர்ட்டிஸ்ட் என்ற கார்டு இருந்தது. இருவருக்கும் மிச்சம் ஒரே ஒரு லைஃப். என் டர்ன், அதனால் என் கார்டுதான் முதலில் என்றேன். அவன் ஒப்பவில்லை. கடைசியில் இருவரும் அவுட் என்று முடித்தோம். சரிதானா? இன்னொன்று: ‘உங்கள் அடுத்த டர்ன் வரை’ என்று ஓடும் எஃபெக்ட், அதைப் போட்டவர் அவுட்டானதும் நின்றுவிடுமா?

ஒரு வாசகர், ஹட்டன்

அன்புள்ள தம்பி,

சரியில்லை. நீங்கள் மட்டும்தான் அவுட். உங்கள் நண்பன் 2 லைஃபோடு ஆட்டத்தில் இருக்கிறான்.

பிளட் ஆர்ட்டிஸ்ட் சொல்வது இதுதான்: எந்தக் கிரியேச்சர் செத்தாலும், நீங்கள் குறிவைக்கும் ஆட்டக்காரருக்கு 1 லைஃப் போகும், உங்களுக்கு 1 கூடும். இரண்டு கார்டும் ஒரே நொடியில் ட்ரிகர் ஆகின்றன, அதாவது தானாகக் கிளம்புகின்றன. யாருடைய டர்னோ அவர் தன் ட்ரிகரை ஸ்டாக்கில் (நடக்கக் காத்திருப்பவை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் அடுக்கு) முதலில் வைக்க வேண்டும். மற்றவர்கள் டர்ன் வரிசைப்படி அதன்மேல் வைப்பார்கள். கடைசியாக வைத்ததுதான் முதலில் நடக்கும். நீங்கள் முதலில் வைத்தீர்கள், சரி. ஆனால் அது அடியில் கிடக்கிறது. நண்பனுடையது மேலே. அவன் உங்களைக் குறிவைத்தால் நீங்கள் 0. அடுத்து யாருக்கும் பிரயாரிட்டி (கார்டு போடும் வாய்ப்பு) போவதற்கு முன்பே தோற்றுவிட்டீர்கள். ஆட்டத்தை விட்டு நீங்கள் போனதும் ஸ்டாக்கில் கிடந்த உங்கள் ட்ரிகரும் போய்விடும். ஒன்று முடிந்துதான் அடுத்தது என்பதால் ‘இருவரும் அவுட்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டும் ஸ்டாக்கில் ஏறியபின் முதல் பிரயாரிட்டி உங்களுக்குத்தான். கையில் லைஃப் கூட்டும் இன்ஸ்டன்ட் (பிரயாரிட்டி வரும்போதெல்லாம் போடக்கூடிய கார்டு) ஒன்று இருந்திருந்தால் அப்போதே போட்டுத் தப்பியிருக்கலாம். 40 லைஃபில் தொடங்கி 1-க்கு வந்தவர் அப்படி ஒன்றை ஒதுக்கி வைக்காமல் இருந்தது பெரிய துணிச்சல்தான்!

இடப்பக்கமாகச் சுற்றும் ஆட்டத்தில் வலப்பக்கம் இருப்பவருக்குத்தான் உங்கள் டர்ன் முடிந்து கடைசியாக வாய்ப்பு வரும். ஆகவே இப்படி மோதும்போது அவருடைய ட்ரிகர்தான் முதலில் நடக்கும். அவரிடம் பிளட் ஆர்ட்டிஸ்ட் இருந்தால், உங்கள் டர்னில் எதையும் சாகவிடுமுன் யோசியுங்கள்.

நம் இஸ்தோப்புகளில் (வீட்டு முன்திண்ணைகளில்) 304 என்ற சீட்டாட்டம் ஆடும்போது தோட்டத்தின் மேல்கணக்கில் (மேல்பிரிவில்) ஒரு வழக்கம், கீழ்கணக்கில் ஒரு வழக்கம். மூத்தவர் சொன்னால் முடிந்தது. மேஜிக்கில் அப்படித் தீர்க்க வேண்டியதில்லை, விதி எழுதியே இருக்கிறது. 1993-ல் ஆட்டம் வந்தபோது இந்த ஸ்டாக் கிடையாது. 1999-ல் ஆறாம் பதிப்பு விதிகளோடுதான் வந்தது. பழைய கார்டில் அச்சாகியிருக்கும் வாசகத்தை வைத்தும் வாதாட வேண்டாம். நிறையக் கார்டுகளின் வாசகம் பிறகு திருத்தப்பட்டிருக்கிறது. மேஜிக்கின் அதிகாரபூர்வக் கார்டுப் பட்டியலான கேதரர் தளத்தில் இன்று இருக்கும் வாசகம்தான் செல்லும்.

இரண்டாவது கேள்விக்கு: உடனே நிற்காது. ஆட்டம் முடியும்வரை நீடிக்கவும் செய்யாது. அவர் இருந்திருந்தால் அவருடைய அடுத்த டர்ன் எப்போது தொடங்கியிருக்குமோ, அதுவரை ஓடும்.