பழைய மேனுவல் பிக்கப்பில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போடலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: பாம்பனிலிருந்து மதுரைக்கு மீன் லோடு அடிக்கும் பழைய டீசல் பிக்கப். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் போய்விட்டது. பழைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கிப் போட்டுவிடலாமா?

போடலாம். ஆனால் என்னிடம் கொண்டுவந்தால் போட்டுத் தர மாட்டேன். ஒன்பது வருடம் ஷார்ஜா சனையாவில், அதாவது அங்குள்ள தொழிற்பேட்டையில், ஆட்டோமேட்டிக் பாக்ஸ் மாட்டும் வேலையைப் பார்த்துவிட்டு வந்து, இப்போது உச்சிப்புளி பக்கம் சின்னதாகப் பட்டறை வைத்திருக்கிறேன். தெரிந்த வேலை என்பதால்தான் வேண்டாம் என்கிறேன்.

அங்கே வரும் பிக்கப் கம்பெனியிலேயே ஆட்டோமேட்டிக்காக வந்தது. பாக்ஸ் செத்தால், அதே மாடலில் அடிபட்ட வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய பாக்ஸைத் தூக்கி மாட்டுவோம். அதிலேயே எமன் ஒன்று உண்டு, டார்க் கன்வெர்ட்டர். கிளட்சுக்குப் பதிலாக எஞ்சின் விசையை ஆயில் வழியாகப் பாக்ஸுக்குக் கடத்துவது அதுதான். எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும் நடுவே பெரிய பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்திருக்கும். அதைப் பாக்ஸின் ஷாஃப்டில் ஏற்றிக் கையால் சுற்றிச் சுற்றி உள்ளே தள்ள வேண்டும். பல வண்டிகளில் மூன்று முறை ‘டொக்’ என்று இறங்கும். கடைசி டொக்கில்தான் ஆயில் பம்பின் பல்லில் போய் உட்காரும். இரண்டோடு நின்றால் வெளியே பார்க்க எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும்.

நான் போன இரண்டாவது வருடம், இரண்டு டொக்கிலேயே பாக்ஸைத் தூக்கிவிட்டேன். பெல் ஹவுசிங், அதாவது பாக்ஸின் முன்பக்கக் கூடு, எஞ்சினோடு ஒட்டாமல் ஒரு விரல் இடைவெளி நின்றது. போல்ட்டைப் போட்டு இறுக்கினால் தானாக ஒட்டிவிடும் என்று இறுக்கினேன், ஒட்டியும் விட்டது. ஸ்டார்ட் செய்ததும் சட்டியில் கல் உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பம்ப் உடைந்து போச்சு. பெஷாவர்க்கார ஃபோர்மேன் திட்டவில்லை. அன்றைக்கே மறுபடி என்னையே கழற்ற வைத்தார், அது திட்டைவிட மோசம். அதிலிருந்து ஒரு பழக்கம்: பெல் ஹவுசிங்கை முழுசாக இறுக்கிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுலபமாகச் சுற்றுகிறதா, எஞ்சின் பக்கம் அதைத் தாங்கும் மெல்லிய தகடான ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் நடுவே சில மில்லிமீட்டர் சந்து இருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்த போல்ட்டைத் தொடுவதில்லை.

அப்புறம் கூலர். ஆட்டோமேட்டிக் பாக்ஸுக்குள்ளும் சின்னச் சின்ன கிளட்ச் தகடுகள் உண்டு. செத்த பாக்ஸின் கிளட்ச் தூளும் இரும்புப் பொடியும் ஆயில் கூலரில் தங்கியிருக்கும். அதைக் கழுவாமல் வேறு பாக்ஸ் மாட்டினால், பழையதைக் கொன்றது புதியதையும் கொல்லும்.

இதெல்லாம் ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டு ஆட்டோமேட்டிக் போடும் கதை. உங்களுடையது மேனுவல். ஃப்ளைவீலை எடுத்துவிட்டு ஃப்ளெக்ஸ் பிளேட், பின் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை நீளம் மாற்றி பேலன்ஸ் செய்தது, பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமான க்ராஸ் மெம்பரை இடம் மாற்றியது, கியர் லீவர், கூலர், அதற்கான குழாய்கள் எல்லாம் வேண்டும். பார்க்கிலோ நியூட்ரலிலோ மட்டும் ஸ்டார்ட் ஆக ஒரு சுவிட்ச் வேண்டும், இல்லையென்றால் சாவி போட்டதும் வண்டி பாயும். கொஞ்சம் புதிய பாக்ஸ் என்றால் தனி கம்ப்யூட்டரும் வயரிங்கும் கூடவே வரும். அந்தக் கம்ப்யூட்டர் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தீர்கள் என்று கேட்கும். பழைய டீசல் பம்பில் அதற்குப் பதில் சொல்ல சென்சாரே கிடையாது. போதாததற்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைப் பற்றியே பேசுகிறது. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டி வருடா வருடம் எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, போக வேண்டும். அங்கே நின்று யார் விளக்கம் சொல்வது?

சரி, எல்லாம் செய்தாச்சு என்றே வைத்துக்கொள்வோம். பல வண்டிகளில் ஆட்டோமேட்டிக் ஆயில் ரேடியேட்டருக்குள் ஒரு குழாய் வழியாக ஓடித்தான் ஆறும். நம் கடற்காற்றில், மீன் பெட்டியிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீரில், ரேடியேட்டர் எத்தனை நாள் தாங்கும் என்று உங்களுக்கே தெரியும். உள்ளே அந்தக் குழாய் அரித்து ஓட்டை விழுந்தால் கூலன்ட்டும் ஆயிலும் கலந்து ரோஸ்மில்க் நிறத்தில் வரும். பாக்ஸுக்குள் தண்ணீர் போனால் கிளட்ச் தகடுகளில் ஒட்டியிருக்கும் லைனிங் உரிந்து வந்துவிடும். அதோடு அந்தப் பாக்ஸ் முடிந்தது.

உங்கள் முழங்காலுக்கு வருகிறேன். பெடல் கல் மாதிரி இருக்கிறது என்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பிளேட் தேயத் தேய, அதை அழுத்திப் பிடிக்கும் கவரின் ஸ்பிரிங் விரல்கள் நிமிர்ந்து பெடல் கனத்துக்கொண்டே போகும். தினமும் ஓட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. கேபிள் வண்டி என்றால் கேபிள் உறைக்குள் உப்புத் துரு பிடித்திருக்கும். பிளேட், கவர், பெடலை மிதித்ததும் அந்த விரல்களைத் தள்ளும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பேரிங் ஓடும் குழாயிலும் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் உட்காரும் முனையிலும் கிரீஸ் வைக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். கேபிளையும் புதிதாகப் போடுங்கள். மாற்றியதும் பெடல் இவ்வளவு லேசா என்று கேட்டவர்கள் என் பட்டறையிலேயே உண்டு. இன்னொன்று, பாம்பன் பாலத்தில் போட்டோ எடுக்க நிற்கும் கார்களுக்குப் பின்னால் ஊரும்போது பாதி கிளட்சில் நிற்காதீர்கள். நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு காலை எடுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றால், கம்பெனியிலேயே அப்படி வந்த பழைய வண்டியைத் தேடுங்கள்.

வேலையை மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, உங்களுக்கும் லோடு குறையும். ஆனால் மீன் வண்டிக்காரர்கள் எல்லோரும் அப்போதுதான் வருவார்கள், மார்ச்சிலேயே பட்டறையில் சொல்லி வையுங்கள். வண்டியை விடுவதற்கு முன்பு அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடித்துக் கழுவிவிடுங்கள். போன வருடம் ஒரு வண்டிக்குக் கீழே படுத்து க்ராஸ் மெம்பரைத் தட்டியபோது, காய்ந்த சூடை மீன் ஒன்று நேராக என் நெற்றியில் விழுந்தது.