கணினி கேள்வி–பதில்: ஆள் போயாச்சு, பெயர் போகவில்லை

இந்த மாதக் கடிதங்களில் நான்கு ஒரே இடத்தைச் சுற்றுகின்றன. கணினியை ஆன் செய்ததும் வருகிற 'எந்த விண்டோஸ் வேண்டும், எந்த லினக்ஸ் வேண்டும்' என்ற பட்டியலில் வேண்டாத வரிகள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ராஜபாளையத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். போன வருடம் ஒரு தம்பி வந்து டி டிரைவில் இன்னொரு விண்டோஸ் 10 போட்டுப் பார்த்தார். சரிவரவில்லை என்று போய்விட்டார். அன்றிலிருந்து ஆன் செய்தால் நீலத் திரையில் 'விண்டோஸ் 10' என்று இரண்டு வரி, 'விண்டோஸ் ரோல்பேக்' என்று ஒரு வரி. 30 நொடி எண்ணுகிறது. இரண்டாவதுதான் நம்முடையது என்று கடைப் பெண்ணுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் வராத நாளில் நான் தப்பாக அழுத்தினால் டிடிபி சாஃப்ட்வேர் எதுவும் இல்லாத வெற்று விண்டோஸ் வந்து நிற்கிறது. ஃபார்மட் செய்தால்தான் போகும் என்கிறான் அக்கா மகன். உண்மையா? – ராஜபாளையம் வாசகர்

இல்லை. அக்கா மகனைக் கொஞ்ச நாள் அந்தக் கணினிப் பக்கம் விடாதீர்கள்.

அந்தப் பட்டியல் ரேஷன் கார்டு மாதிரி. கார்டில் பெயரை அடித்துவிட்டால் ஆள் வீட்டை விட்டுப் போய்விடமாட்டார். ஆள் போய்விட்டாலும் பெயர் தானாக நீங்காது, நாம்தான் போய் நீக்க வேண்டும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இந்தப் பெயர்கள் பிசிடி என்ற சின்னக் கோப்பில் இருக்கின்றன. அதற்கு முன் எக்ஸ்பியில் பூட்.ஐஎன்ஐ என்று ஒரு கோப்பு இருக்கும், நோட்பேடில் திறந்து வரியை அழித்துவிட்டுப் போய்விடுவோம். இப்போது அப்படித் திறக்க முடியாது.

முதலில் உங்கள் டிடிபி இருக்கும் சரியான விண்டோஸுக்குள் போங்கள். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, எம்எஸ்கான்ஃபிக் என்று அடியுங்கள். 'பூட்' என்ற பக்கத்தில் இரண்டு விண்டோஸும் தெரியும். பெயர் ஒன்றாக இருந்தாலும் பக்கத்தில் எந்த டிரைவ் என்று போட்டிருக்கும். நீங்கள் உள்ளே இருப்பதற்கு 'கரண்ட்' என்று இருக்கும். 'டிஃபால்ட்' என்ற சொல் அநேகமாக டி டிரைவ்காரர் பக்கம் இருக்கும், கடைசியாக வந்தவர்தான் முதல் நாற்காலியில் உட்காருவார். டிஃபால்ட்டாக இருப்பதை இங்கே நீக்க முடியாது. ஆகவே சி டிரைவ் வரியைத் தேர்ந்து 'செட் ஆஸ் டிஃபால்ட்' கொடுங்கள். அப்புறம் டி டிரைவ் வரியைத் தேர்ந்து 'டிலீட்'. அதே பக்கத்தில் 'டைம்அவுட்' கட்டத்தில் 30 இருக்கும், 3 ஆக்கிவிடுங்கள். அதற்குக் கீழே எம்எஸ்கான்ஃபிக் விடாது.

ரோல்பேக் வரி, அதாவது நிறுவல் பாதியில் நின்றால் பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் வைக்கும் வரி, பெரும்பாலும் இந்தப் பக்கத்தில் தலைகாட்டாது. அதற்குக் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். பவர்ஷெல் வேண்டாம், அது நெளிவு அடைப்புக்குறியை வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு பிழை சொல்லும். முதலில் பாதுகாப்புக்கு ஒரு நகல்: பிசிடிஎடிட், இடைவெளி, சாய்கோடு எக்ஸ்போர்ட், இடைவெளி, பிறகு கோப்பு போக வேண்டிய இடமும் பெயரும். அடுத்து பிசிடிஎடிட் சாய்கோடு எனம் என்று அடித்தால் எல்லா வரியும் விவரத்தோடு வரும். 'டிஸ்கிரிப்ஷன்' என்ற இடத்தில் ரோல்பேக் என்று இருப்பதைக் கண்டுபிடித்து, அதற்கு மேலே 'ஐடென்டிஃபையர்' என்று நெளிவு அடைப்புக்குள் இருக்கும் நீளமான எண்ணை நகலெடுங்கள். கையால் அடிக்காதீர்கள், கண் வலிக்கும், தப்பும் வரும். பிசிடிஎடிட் சாய்கோடு டிலீட், இடைவெளி, அந்த எண். வரி போய்விடும். கரண்ட், பூட்எம்ஜிஆர் என்று சொல்லாகவே அடைப்புக்குள் இருப்பவற்றைத் தொடவே கூடாது.

இதோடு பெயர்தான் போனது. ஆள் டி டிரைவில் இன்னும் இருக்கிறார். இடம் வேண்டும் என்று டி-யை ஃபார்மட் செய்யத் தோன்றும். அதற்கு முன் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, டி-க்குக் கீழே 'சிஸ்டம்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் அங்கே விழுந்தவன். ஆறேழு வருடம் முன்பு ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்துக்குப் புது எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தேன். பழைய ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கும்போதே புது டிஸ்க்கில் விண்டோஸ் ஏற்றினேன். எல்லாம் பறந்தது. பட்டியலில் பழைய விண்டோஸின் வரியையும் நீக்கி, கையோடு பழைய டிஸ்க்கையும் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஃபோன். கறுப்புத் திரை, பூட் டிவைஸே இல்லையாம். விண்டோஸ் புது டிஸ்க்கில், அதைத் தொடங்கிவைக்கும் கோப்புகளோ பழைய டிஸ்க்கில். ஆவணி முகூர்த்தம் வேறு, பெண் வீட்டார் பத்திரிகைக்காக வாசலில் நிற்கிறார்கள். பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டி உள்ளே போய், புது டிஸ்க்கின் பார்ட்டிஷனை ஆக்டிவ் என்று குறித்து, பிசிடிபூட் கட்டளையால் அந்தக் கோப்புகளை அங்கே எழுதிய பிறகுதான் வண்டி கிளம்பியது. அந்த வேலைக்கு நான் காசு வாங்கவில்லை. அவர்களும் கொடுப்பதாக இல்லை.

இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. லேப்டாப்பில் விண்டோஸ் 11-உடன் உபுண்டு வைத்திருந்தேன். இடம் போதவில்லை என்று விண்டோஸிலிருந்தே உபுண்டு பார்ட்டிஷனை அழித்துவிட்டேன். இப்போது ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'கிரப்' என்று மட்டும் நிற்கிறது. விண்டோஸ் போய்விட்டதா? – திருச்சி மாணவி

போகவில்லை, பயப்படாதீர்கள். கிரப் என்பது உபுண்டு என்ற லினக்ஸ் வைக்கிற தொடக்க மெனு நிரல். அந்தத் திரையில் எக்ஸிட் என்று அடித்து என்டர் தட்டுங்கள், பல லேப்டாப்புகளில் அதிலேயே விண்டோஸ் வந்துவிடும். வராவிட்டால் ஆன் செய்த உடனே பூட் மெனு விசையைத் தட்டுங்கள்: டெல், லெனோவாவில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தொடக்க வரிசை மாறினால் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்கச் சாவி கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கும். எதையும் நீக்குவதற்கு முன்பே எடுத்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அந்த லேப்டாப்பிலேயே சேமித்துவைத்துப் பயனில்லை.

புது லேப்டாப்புகளில் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, மதர்போர்டில் உள்ள சிப்பில். இன்னொன்று, டிஸ்க்கில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில், பெரும்பாலும் 100 எம்பிதான் இருக்கும். நீங்கள் அழித்தது உபுண்டுவின் வீட்டை, இந்த இரண்டையும் அல்ல. சிப்பில் மட்டும் நீக்கினாலும், சில மதர்போர்டுகள் டிஸ்க்கில் அந்த ஃபோல்டரைப் பார்த்ததும் பெயரைத் திரும்ப எழுதிக்கொள்ளும். 'நேற்று நீக்கினேன், இன்று மறுபடி வந்து நிற்கிறது' என்று தலையில் அடித்துக்கொள்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் பிராம்ப்டில் மவுண்ட்வால் (வால்யூமின் முதல் மூன்று எழுத்து), இடைவெளி, எஸ் முக்காற்புள்ளி, இடைவெளி, சாய்கோடு எஸ். அந்த ஒளிந்த பார்ட்டிஷன் எஸ் டிரைவாகத் திறக்கும். எஸ் முக்காற்புள்ளி அடித்து அதற்குள் போய், சிடி இஎஃப்ஐ, பிறகு டிஐஆர். மைக்ரோசாஃப்ட், பூட், உபுண்டு என்று ஃபோல்டர்கள் தெரியும், லேப்டாப் கம்பெனி பெயரில் ஒன்றும் இருக்கலாம். ஆர்டி, இடைவெளி, சாய்கோடு எஸ், இடைவெளி, உபுண்டு. அது ஒன்றைத்தான் நீக்க வேண்டும். பூட் ஃபோல்டரை 'இதுவும் வேண்டாதது போலிருக்கிறதே' என்று சேர்த்து அழித்தவர்கள் உண்டு. வேண்டாம்.

அடுத்து சிப். பிசிடிஎடிட் சாய்கோடு எனம், இடைவெளி, ஃபர்ம்வேர். உபுண்டு என்று விவரம் உள்ளதன் எண்ணை நகலெடுத்து, முதல் பதிலில் சொன்ன அதே டிலீட் கட்டளை. கடைசியில் மவுண்ட்வால் எஸ் முக்காற்புள்ளி சாய்கோடு டி என்று அடித்து அந்த டிரைவை மறுபடி மூடிவிடுங்கள்.

அடுத்த முறை லினக்ஸ் வைத்துக்கொண்டே பழைய பெயரை மட்டும் நீக்க வேண்டுமானால் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்று லினக்ஸிலேயே கருவி இருக்கிறது. வெறுமனே அடித்தால் பட்டியல் தரும், எண்ணைச் சொல்லி நீக்கலாம்.

உபுண்டு மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே ஏழெட்டு வரி இருக்கிறது. கிரப்.சிஎஃப்ஜி கோப்பைத் திறந்து அழித்தேன், அடுத்த அப்டேட்டில் திரும்பி வந்துவிட்டன. – கோவை வாசகர்

வரத்தான் செய்யும். அது கருவி தானே எழுதுகிற கோப்பு, கையால் திருத்தினால் தங்காது. அந்த வரிகள் பழைய கெர்னல்கள், அதாவது லினக்ஸின் மையப் பகுதியின் பழைய பதிப்புகள். சுடோ ஏபிடி ஆட்டோரிமூவ் கொடுத்தால் தேவையற்ற கெர்னல்களை நீக்கி மெனுவையும் புதுப்பித்துவிடும். முந்தைய கெர்னல் ஒன்று மிஞ்சும், அது இருக்கட்டும். புதிய கெர்னலில் வைஃபை வேலை செய்யாத ஒரு நாளில் அதைத் தேடுவீர்கள்.

2012-இல் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப். விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் இரண்டும் இருக்கின்றன. பாஸை யாரும் தொட்டதில்லை. மெனுவிலிருந்து எடுத்துவிடலாமா? – தேனி வாசகர்

எடுக்கலாம், ஆனால் வரிசை முக்கியம். இது பயாஸ் என்ற பழைய தொடக்க முறை. டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் கிரப்பின் தலை மட்டும் இருக்கிறது, உடம்பு பாஸ் பார்ட்டிஷனில். பார்ட்டிஷனை முதலில் அழித்தால் 'கிரப் ரெஸ்க்யூ' என்று நின்றுவிடும், விண்டோஸுக்கும் போக முடியாது. முதலில் விண்டோஸ் 7 டிவிடியில் ரிப்பேர் பகுதிக்குப் போய் பூட்ரெக், இடைவெளி, சாய்கோடு ஃபிக்ஸ்எம்பிஆர். விண்டோஸ் நேராக வருகிறதா என்று பார்த்த பிறகு பார்ட்டிஷனை அழியுங்கள்.

என்னைக் கேட்டால் நீக்க வேண்டியது பாஸ் அல்ல. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்துவிட்டது, அதில் பேங்க் கணக்கைத் திறப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பாஸ் என்பது நம் சென்னை சிடாக் என்ற அரசுக் கணினி ஆய்வு நிறுவனம் உருவாக்கியது, டெபியன் என்ற லினக்ஸ் வகையைச் சேர்ந்தது. இவ்வளவு பழைய பதிப்பு இப்போது உதவாதுதான். ஆனால் அதே இடத்தில் இன்றைய இலகுவான டெபியன் ஒன்றைப் போட்டால் அந்த லேப்டாப் இன்னும் சில வருடம் கடிதம் அடிக்கும், பாட்டு பாடும். மெனுவில் விண்டோஸ்தான் முதலில் ஓட வேண்டும் என்றால் அதற்காக எதையும் அழிக்க வேண்டியதில்லை. ஈடிசி ஃபோல்டருக்குள் டிஃபால்ட், அதற்குள் கிரப் என்ற கோப்பில் கிரப்_டிஃபால்ட் எண்ணை மாற்றி, சுடோ அப்டேட்-கிரப் கொடுத்தால் போதும். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும். விண்டோஸ் ஐந்தாவது வரியில் இருந்தால் 4 போடுங்கள்.