உறைகுளிரில் கார்: சோதனையை பேட்டரியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: இரவில் மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் வரை குளிர் இறங்கும் ஊருக்குக் குடிவந்திருக்கிறேன், இது எனக்கு முதல் குளிர்காலம். ஐந்து ஆண்டு ஓடிய என் பெட்ரோல் கார் வெட்டவெளியில்தான் நிற்கிறது. சென்ற வாரம் ஒரு நாள் காலையில் செல்ஃப் எடுக்காமல் ‘டிக் டிக்’ என்ற ஓசை மட்டும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் காரிலிருந்து கேபிள் போட்டுத்தான் கிளப்ப முடிந்தது. அன்று முதல் தினமும் இருபது நிமிடம் என்ஜினை நின்ற இடத்தில் ஓடவிட்ட பிறகே புறப்படுகிறேன். இது சரியான பழக்கமா? கூலண்ட்டில் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் பாதுகாப்பு கூடுமா? அடுத்த மாதம் மூன்று வாரம் வெளியூர் போகிறேன். காரை எப்படி விட்டுச்செல்வது?

பதில்: அன்று காலையில் கேபிள் போட்டுக் கிளப்பிய பிறகு பேட்டரியைச் சோதித்ததாக நீங்கள் எழுதவில்லை. அதைச் சோதிக்கும் வரை மற்ற ஏற்பாடுகளால் பெரிய பயன் இராது. நீங்கள் கேட்ட அந்த ஓசையே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் சொலினாய்டு, அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்த ஸ்விட்ச், இழுக்கிறது. மோட்டார் மின்னோட்டம் கேட்ட கணத்திலேயே மின்னழுத்தம் சரிந்துபோவதால் அது விட்டுவிடுகிறது. அழுத்தம் சற்று மீண்டதும் மறுபடி இழுக்கிறது. இந்த இழுபறிதான் விட்டுவிட்டு விரைவாகக் கேட்கும் ‘டிக் டிக்’. ஒரே ஒரு முறை ‘டக்’ என்று கேட்டு அதோடு அடங்கிவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் சந்தேகிக்கலாம். உங்கள் கார் சொன்ன அறிகுறியோ, பேட்டரியில் சக்தி போதவில்லை அல்லது டெர்மினல் இணைப்பு சரியில்லை என்பதுதான்.

குளிர் இங்கே இரு முனைகளிலிருந்தும் நெருக்குகிறது. ஈய–அமில பேட்டரி மின்சாரத்தைத் தருவது வேதிவினையால். வெப்பம் குறையக் குறைய அந்த வினை மந்தமாகிறது. மைனஸ் 18 டிகிரியில் நல்ல பேட்டரியே தன் வழக்கமான திறனில் ஏறத்தாழ பாதியைத்தான் தரும். அதே நேரத்தில் என்ஜின் ஆயில் கெட்டிப்பட்டு விடுவதால், என்ஜினைச் சுழற்றுவதற்குத் தேவைப்படும் சக்தியோ பன்மடங்கு கூடுகிறது. கோடை முழுவதும் குறையின்றி ஓடிய பேட்டரி முதல் கடுங்குளிரில் கைவிடுவது இதனால்தான். உண்மையில் அதன் ஆயுளைத் தின்றது பெரும்பாலும் கோடையின் வெப்பமே. பழி மட்டும் குளிரின் மேல் விழுகிறது.

வண்டியை இரவு முழுவதும் ஓட்டாமல் நிறுத்திவைத்து, காலையில் கிளப்பும் முன் மல்டிமீட்டரால் பேட்டரியின் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் முழுச் சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. இந்த எண்கள் உங்கள் ஊரில் மிக முக்கியமானவை. முழுச் சார்ஜில் உள்ள பேட்டரியின் அமிலக் கரைசல் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழேதான் உறையும். சார்ஜ் முழுவதும் இறங்கிப்போனால் அது ஏறக்குறைய தண்ணீர்போல் ஆகிவிடுவதால் மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும். எனவே இரவில் உள்விளக்கை அணைக்க மறந்தால்கூட விடிவதற்குள் பேட்டரி பனிக்கட்டியாகிப்போக இடமுண்டு. அதன் பக்கங்கள் புடைத்திருந்தாலோ விரிசல் தெரிந்தாலோ சார்ஜ் ஏற்றவும் கூடாது, கேபிள் போட்டுக் கிளப்பவும் கூடாது; வெடிக்கக்கூடும். அத்தகைய பேட்டரியை மாற்றுவதே வழி.

மின்னழுத்தம் சரியாக இருந்தாலும் அது போதுமான சான்று ஆகாது. பளுவேற்றிச் சோதிக்கும் கருவி பணிமனைகளில் உண்டு. அதில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஐந்து ஆண்டு ஆன பேட்டரி அந்தச் சோதனையில் தடுமாறினால், இன்னொரு குளிர்காலத்தை அதோடு ஓட்டிப் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. புதியது வாங்கும்போது ஆம்பியர்-மணியை மட்டும் பார்க்காமல், ‘சிசிஏ’ என்று அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடி வரை, மின்னழுத்தம் 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல், அந்த பேட்டரி எத்தனை ஆம்பியர் தரும் என்பதே அந்த எண். கார்த் தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்குக் குறையாமல் வாங்குங்கள். சற்றுக் கூடுதலாக இருந்தால் நல்லதே.

மீண்டும் கேபிள் போட நேர்ந்தால் வரிசை தவறக்கூடாது. சிவப்புக் கேபிளை முதலில் செயலிழந்த பேட்டரியின் பாசிட்டிவிலும், அடுத்து நல்ல பேட்டரியின் பாசிட்டிவிலும் மாட்டுங்கள். கறுப்புக் கேபிளை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டிவிட்டு, அதன் மறுமுனையை உங்கள் காரில் பேட்டரிக்குத் தள்ளி உள்ள, பெயின்ட் பூசாத என்ஜின் உலோகப் பகுதியில் மாட்டுங்கள். கடைசி இணைப்பில்தான் தீப்பொறி பறக்கும்; பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும் என்பதால் இந்தத் தூரம் அவசியம். கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுங்கள்.

இனி உங்கள் இருபது நிமிடப் பழக்கத்துக்கு வருகிறேன், அதை விட்டுவிடுங்கள். கார்புரேட்டர் காலத்து வண்டிகளுக்குச் சற்று நேரம் சூடேற வேண்டியிருந்தது உண்மை. இன்றைய என்ஜின்களில் குளிருக்கு ஏற்ப எரிபொருளைக் கூட்டியும் குறைத்தும் கொடுப்பதை மின்னணுக் கட்டுப்பாடே பார்த்துக்கொள்கிறது. நின்ற இடத்தில் ஓடும் என்ஜின் மிக மெதுவாகத்தான் சூடாகும். குளிர்ந்த என்ஜினுக்கு எரிபொருள் தாராளமாகப் பாய்ச்சப்படுவதால், எரியாத பெட்ரோலின் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் வழிந்து பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் கலக்கிறது. எரிதலில் உண்டாகும் நீராவியும் அதில் சேருகிறது. பேட்டரிக்கும் இதனால் பெரிய லாபம் இல்லை. குறைந்த வேகத்தில் சுழலும் ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்தை ஹீட்டர் விசிறி, பின்கண்ணாடிச் சூடேற்றி, இருக்கைச் சூடேற்றி எல்லாம் பங்கிட்டுக் கொண்டபின் மிஞ்சுவது சொற்பமே. கியர்பாக்ஸும் சக்கர பேரிங்குகளும் வண்டி ஓடினால் ஒழியச் சூடாகா.

வழக்கமான குளிரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் போதும். உங்கள் ஊரின் குளிருக்கு இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள். அந்த நேரத்தில் கண்ணாடிகளில் படிந்த பனியைச் சுரண்டிவிடலாம். பிறகு முதல் பத்து நிமிடம் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல் நிதானமாக ஓட்டுங்கள். கண்ணாடி முழுவதும் தெளியாமல் மட்டும் புறப்பட வேண்டாம். அதற்காகக் கூடுதல் நேரம் ஆனால் ஆகட்டும். கிளப்பும் முன் சைலன்சர் குழாயின் வாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள்ளேயே சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய இடத்தில் என்ஜினை ஓடவிடுவது, கதவு பாதி திறந்திருந்தாலும், உயிருக்கே ஆபத்து.

இந்தக் காத்திருப்புக்குப் பதிலாக நான் பரிந்துரைப்பது என்ஜின் பிளாக் ஹீட்டர். என்ஜினோடு பொருத்தப்பட்டு, வீட்டு மின்சாரத்தில் இயங்கி, கூலண்ட்டையும் உலோகத்தையும் சூடேற்றும் கருவி அது. இரவு முழுவதும் ஓடத் தேவையில்லை. புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு டைமரால் இயங்கச் செய்தால் போதும். தினமும் மைனஸ் 20ஐத் தாண்டும் ஊரில் இதற்குச் செய்யும் செலவு வீணாகாது.

என்ஜின் ஆயிலின் பெயரில் வரும் ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன் நிற்கும் எண் சிறிதாக இருக்க இருக்க, குளிரில் ஆயில் இளகி ஓடும். கிளப்பும் நேரத்து இளக்கத்தை 10டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 25 டிகிரியிலும், 5டபிள்யூவுக்கு மைனஸ் 30இலும், 0டபிள்யூவுக்கு மைனஸ் 35இலும் சோதிக்கிறார்கள். உங்கள் ஊருக்கு 10டபிள்யூ விளிம்பில் நிற்கிறது. கையேடு அனுமதிக்கும் 0டபிள்யூ அல்லது 5டபிள்யூ வகையில் முழுச் செயற்கை ஆயிலாகத் தேர்ந்தெடுங்கள். வானிலை அறிக்கையில் ‘காற்றோடு சேர்த்து மைனஸ் 35 போல் உணரப்படும்’ என்று சொல்வதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அது மனிதத் தோலுக்கான கணக்கு. காற்று காரை விரைவாகக் குளிர்விக்குமே ஒழிய, வெளியிலுள்ள உண்மையான வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது.

கூலண்ட்டைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் பாதுகாப்பு கூடாது, குறையும். கூலண்ட்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்கால் தனியாக இருக்கும்போது மைனஸ் 13 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும். சரிபாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும்; 60 விழுக்காடு கிளைக்கால் கலந்தால் மைனஸ் 50ஐ ஒட்டித் தாங்கும். அதற்கு மேல் கூட்டக் கூட்ட நிலைமை திரும்பி மோசமாகிறது. வெப்பத்தைக் கடத்தும் திறனும் தளர்கிறது. ஆகவே சரிபாதிக் கலவையே உங்களுக்குப் போதும். கோடையில் அளவு குறைந்தபோதெல்லாம் வெறும் தண்ணீர் ஊற்றியிருந்தால் இப்போது கலவை நீர்த்திருக்கும். கலவையின் செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று தெரிந்துவிடும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால், நீர்த்த கலவை ரேடியேட்டரை மட்டுமல்ல, என்ஜின் பிளாக்கையே பிளந்துவிடும். கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. சிந்தியதைக் குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் நெருங்கும் முன் துடைத்துவிடுங்கள்.

டயரைப் பொறுத்தவரை, வெப்பநிலை ஏறக்குறைய 6 டிகிரி இறங்கினால் காற்றழுத்தம் 1 பிஎஸ்ஐ குறையும். 20 டிகிரியில் 33 பிஎஸ்ஐ நிரப்பிய டயர் மைனஸ் 25இல் 26ஐ ஒட்டி நிற்கும். டயரில் ஓட்டை தேடி அலைய வேண்டாம், குளிர்ந்த நிலையில் அளந்து நிரப்புங்கள். கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்குகிறது. மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் உள்ள குளிர்கால டயரை நான்கு சக்கரங்களுக்கும் போடுங்கள். இரண்டுக்கு மட்டும் போட்டால் முன்பக்கமும் பின்பக்கமும் வெவ்வேறு பிடிமானத்தில் ஓடி, வளைவில் வண்டி சுற்றிவிடும். ‘எம்+எஸ்’ என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அது பனிச் சோதனையில் தேறியதற்கு அடையாளம் ஆகாது.

கண்ணாடி கழுவும் தொட்டியில் உறையாத திரவத்தை நிரப்புங்கள். கதவு ரப்பர்களில் சிலிக்கோன் பூசினால் அவை ஒட்டிக் கிழியா. பனி படிந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றவே கூடாது. முன்கண்ணாடியின் ஓரத்தில் கல் பட்ட கடுகளவு தழும்பு ஒன்றிலிருந்து, வெந்நீர் பட்ட கணத்தில் மெல்லிய நெறிவோசையோடு ஒரு கோடு கிளம்பி மறு ஓரம் வரை ஓடியதை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன். பெட்ரோல் தொட்டியைப் பாதிக்குக் கீழே விடாதீர்கள். பனியில் சிக்கிக்கொண்டால் ஹீட்டருக்கு உயிர் கொடுப்பது அதுதான்.

மூன்று வாரம் வெளியூர் போகும்முன், காரின் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் சாலை உப்பைக் கழுவி, ஈரம் வடியும்படி சற்று ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். கைபிரேக் போட்டால் ஈரம் உறைந்து பிடித்துக்கொள்ளக்கூடும் என்பதால், சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங்கில் விடுங்கள். பேட்டரியை முழுச் சார்ஜ் ஏற்றி நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். முடிந்தால் பேட்டரியையே வீட்டுக்குள் எடுத்துவைப்பது இன்னும் நல்லது. உங்கள் காரில் பேட்டரி பின்புற டிக்கியில் இருந்து, டிக்கியின் பூட்டு மின்சாரத்தில் இயங்குவதானால், கழற்றும் முன் சாவியால் திறக்கும் வழி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சாவியைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து ‘வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் கிளப்பி வையுங்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கிளப்புவதற்குச் செலவான சார்ஜை அந்த ஐந்து நிமிடம் ஈடுகட்டாது. ஆயிலில் ஈரமும் சேரும். பனி கனமாகப் பெய்தால் கூரையிலும் பானெட்டிலும் தேங்குவதைத் தள்ளிவிடும்படி கேட்டுக்கொண்டால் போதும்.