ஹெச்ஆர் ஸ்டாண்டீல ஆட்ரி லார்ட்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்க அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் பத்தி ஒரு பாரா எழுதியிருந்தீங்க இல்லயா, அதப் படிச்சு கொஞ்ச நாள்லயே எங்க ஆபீஸ்ல மகளிர் தின ஃபங்ஷன் வந்துச்சு. ரிசப்ஷன் பக்கத்துல ஊதா கலர் ஸ்டாண்டீ (நிக்க வெக்கற விளம்பரப் பலகை), அதுல அவங்க பேரப் போட்டு "என்னை நான் கவனிச்சுக்கறது சொகுசு இல்ல, என்னைக் காப்பாத்திக்கறது"ன்னு ஒரு லைன், கீழ ஒரு மெடிட்டேஷன் ஆப்போட க்யூஆர் கோட், ஒரு மாசம் ஃப்ரீ. அந்த லைன் "அது ஒரு அரசியல் போர்ச்செயல்"னு முடியும்னு நீங்க எழுதியிருந்தீங்க, அந்தத் துண்ட மட்டும் காணோம். எங்க டீம்ல ரெண்டு பேர் வேலைய விட்டுப் போய்ட்டாங்க, ஆள் எடுக்கல, அவங்க வேலையும் எங்க தலையில, நைட்டு பதினோரு மணிக்கு கால், இதுல ஒரு ட்ரெய்னர் வந்து மூச்ச இழுத்து விடுங்கன்னு சொல்லிட்டுப் போறார்.

கறுப்பினப் பெண்ணியவாதிங்க ஹீலிங், கம்யூனிட்டி வெல்னெஸ்னு பேசறத நீங்க பாராட்டி எழுதறீங்க. எனக்கு உறுத்துது அக்கா. தெருவுல எறங்கிக் கேக்க வேண்டிய விஷயத்துக்கு வட்டமா உக்காந்து அழறது எப்படி பதிலாகும்? கடைசில அது இந்த ஆப்புல வந்து முடிஞ்சதுக்கான விதை அவங்ககிட்டயே இருந்துச்சோன்னு தோணுது. தப்பா கேட்டிருந்தா மன்னிச்சிடுங்க. பேர் போட வேண்டாம்.

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்,

தப்பா ஒண்ணும் கேக்கல, இந்தக் கேள்விய அமெரிக்கால அவங்களுக்குள்ளயே கேட்டு சண்டையும் போட்டிருக்காங்க.

மொதல்ல அந்த ஸ்டாண்டீ லைன முடிச்சிடறேன். அது 1988ல வந்த 'எ பர்ஸ்ட் ஆஃப் லைட்' புத்தகத்துல வருது. 1978ல லார்டுக்கு மார்பகப் புற்றுநோய், ஒரு மார்ப எடுத்துட்டாங்க. 1984ல அது கல்லீரலுக்குப் பரவிடுச்சுன்னு தெரியுது, டாக்டர் உடனே பயாப்ஸின்னு நிக்கறார், இவங்க மாட்டேன்னுட்டு கிளாஸ் எடுக்கறாங்க, ஊர் ஊரா போய் பேசறாங்க, தென்னாப்பிரிக்கால என்ன நடக்குதுன்னு டைரில எழுதிக்கிட்டே இருக்காங்க, நடுவுல ஸ்விட்சர்லாந்துல ஒரு க்ளினிக்ல போய்த் தங்கறாங்க. அந்த லைனுக்கு முன்னாடி அவங்க சொல்றது, சக்திக்கு மீறி ஓடறதும் தன்ன வளர்த்துக்கறதும் வேற வேற, சக்திக்கு மீறி ஓடறது என்ன பண்ணுதுன்னு நான் என் கனவுலயும் என் நோய் எதிர்ப்பு சக்தி டெஸ்ட்லயும் பாத்துத்தான் புரிஞ்சுக்க வேண்டியிருந்துச்சுன்னு. அதாவது எவ்வளவு நாள் மிச்சம்னு தெரியாத ஒரு பொம்பள, வேலையயும் விடாம உயிரையும் விடாம இருக்க கணக்குப் போட்டு எழுதின வரி. உங்க ஆபீஸ்ல மாதிரி பாதிய வெட்டிட்டா, வேலைய விடாம இருங்கங்கறது மட்டுந்தான் நிக்கும்.

இன்னொரு எடம் இருக்கு, 1980ல வந்த 'தி கேன்சர் ஜர்னல்ஸ்'ல. ஆபரேஷன் முடிஞ்ச கொஞ்ச நாள்ல தையல் பிரிக்க சர்ஜன் ஆபீசுக்குப் போறாங்க, நல்லா ட்ரெஸ் பண்ணிக்கிட்டு, காதுல ஒரு பக்கத்துக்கு மட்டும் தொங்கற தோடு, தெம்பாத்தான் போறாங்க. மார்பு இருந்த எடத்துல பொய் மார்பு எதுவும் வெக்கல. அங்க இருந்த நர்ஸ், எப்பவும் பிரியமா பேசறவங்கதான், இவங்களப் பாத்ததும் மொகம் மாறுது. ஏன் வெச்சுக்கலன்னு கேக்கறாங்க, எனக்கு அது சரியா படலன்னு இவங்க சொல்றாங்க, அதுக்கு நர்ஸ், இங்க வரும்போதாவது எதையாவது வெச்சுக்கிட்டு வாங்க, இல்லாட்டி எங்க ஆபீஸ்ல மத்தவங்க மனசு தளர்ந்துடும்ங்கறாங்க. யார் மனசு தளரக்கூடாதுன்னு யார் மறைச்சுக்கணும்? எல்லாப் பொம்பளைங்களும் ஒரே மாதிரி மறைச்சுக்கிட்டா, ஒரு மார்போட இருக்கற ஒருத்திக்கு இன்னொருத்தி இருக்கறதே தெரியாது, அப்பறம் எப்படி ஒண்ணு சேந்து கேப்பாங்கன்னு லார்ட் அங்கேர்ந்து போறாங்க. எனக்கு இந்த எடந்தான் கூட்டா குணமாகறதுங்கறதோட ஆரம்பம். நோவு வெளிய தெரிஞ்சாத்தான் கூட ஆள் சேரும்.

ஆனா லார்ட் எழுத்தாளர். உங்க கேள்விக்கு நேரா பதில் சொல்லக்கூடியவங்க பில்லி ஏவ்ரி, நம்ம பக்கம் யாரும் அதிகம் பேசாத பேரு.

ஏவ்ரி ஃப்ளோரிடாக்காரங்க, கறுப்பினப் பெண்களோட ஆரோக்கியத்துக்காக அமைப்பு கட்டின கறுப்பினப் பெண். 1970ல அவங்க வீட்டுக்காரர் 33 வயசுல ஹார்ட் அட்டாக்ல போய்ட்டார். ரெண்டு பேரும் நல்லா படிச்சவங்க, ஆனா பிபி பத்தி எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவங்களே பல தடவ சொல்லியிருக்காங்க. ரெண்டு கொழந்தைங்க. அந்தக் காலத்துல ஃப்ளோரிடால கருக்கலைப்பு சட்டப்படி கெடைக்காது, நியூயார்க் போகணும், ஏவ்ரியும் சினேகிதிகளும் கேக்கறவங்களுக்கு நியூயார்க் நம்பர் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு கறுப்பினப் பெண் வந்து, எனக்கு நம்பர் வேண்டாம், நியூயார்க் போக எங்கிட்ட காசே இல்லன்னு சொல்லிட்டுப் போனாங்க. அவங்களாவே எதையோ பண்ணிக்கிட்டு செத்துப்போனாங்க. 1974ல ஃப்ளோரிடாவோட கெய்ன்ஸ்வில்ல ஒரு பெண்கள் க்ளினிக், 1978ல ஒரு பிரசவ மையம்னு ஏவ்ரி இன்னும் சிலரோட சேந்து ஆரம்பிச்சாங்க. அதனால இவங்க ஏதோ மூச்சுப் பயிற்சில ஆரம்பிச்சவங்கன்னு நெனைக்காதீங்க. உங்கள மாதிரியே, வசதி பண்ணிக் குடுத்தா பிரச்சன தீரும்னு நம்பி, கட்டடம் எடுத்து, டேபிள் போட்டு, டாக்டர கூட்டிட்டு வந்தவங்க.

அதுக்கப்பறம் ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல வேலைவாய்ப்புப் பயிற்சி வேலைக்குப் போறாங்க. அங்க படிக்கற கறுப்பினப் பொண்ணுங்க அடிக்கடி லீவு. ஏன் வரலன்னு கூப்ட்டு வெச்சு கேக்கறாங்க. சின்ன வயசுலயே பிபி, சக்கர, கையில கொழந்தைங்க, வீட்ல அடி. க்ளினிக்ல வந்து படுத்தப்போ யாரும் சொல்லாத கதை, ஒருத்தி உக்காந்து கேட்டதும் வருது. அரசாங்க சர்வே ஒண்ணுல 18லேர்ந்து 25 வயசு கறுப்பினப் பெண்கள்ல பாதிக்கு மேல தங்களுக்குக் கடுமையான மன உளைச்சல்னு சொல்லியிருந்தாங்கங்கறதும் அந்த சமயத்துல அவங்க கண்ணுல பட்டுது, அத அவங்க எல்லா மேடையிலயும் சொன்னாங்க. எது சாப்பிடணும், எது சாப்பிடக்கூடாதுன்னு இந்தப் பொண்ணுங்களுக்குத் தெரியாம இல்ல, உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு இருக்கறவளுக்கு டயட் சார்ட் குடுத்து என்ன ஆகப்போகுதுங்கறதுதான் அவங்களுக்குப் பிடிபட்ட விஷயம்.

1983 ஜூன்ல அட்லாண்டால, ஸ்பெல்மன் காலேஜ்ல கறுப்பினப் பெண்களோட ஆரோக்கியம் பத்தி ஒரு மாநாடு கூட்டறாங்க. சுமார் 2000 பேர் வந்தாங்க. பஸ் புடிச்சு தூரத்துலேர்ந்து வந்த ஏழைப் பொம்பளைங்க, பிஹெச்டி பண்ணினவங்க எல்லாம் ஒரே வரிசைல. மாநாட்டோட கோஷம் ஃபேனி லூ ஹேமர் வார்த்தை: நோவுல கெடந்து கெடந்து அலுத்துப்போச்சு. ஹேமர் மிசிசிப்பில பருத்தி எடுத்த குத்தகைக் கூலி. 1961ல ஒரு கட்டிய எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனவங்களுக்கு, கேக்காமலே கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க, அதுவும் இவங்களுக்குத் தெரிஞ்சது பண்ணையார் வீட்லேர்ந்து கசிஞ்ச வம்புப் பேச்சு வழியா. 1963ல வினோனா ஜெயில்ல போலீஸ் அடிச்ச அடில கிட்னி பாதிச்சு, கடைசி வரைக்கும் அந்த வலியோடதான் ஓட்டுரிமைக்கு அலைஞ்சாங்க. 1969ல நெலம் வாங்கி கூட்டுறவுப் பண்ணை ஆரம்பிச்சாங்க, ஓட்டு கேட்டதுக்காக வேலைய விட்டு தொரத்தப்பட்ட குடும்பங்களுக்கு சோறு போட. 1977ல, 59 வயசுல போய்ட்டாங்க. ஹேமர இந்த மரபுல வெச்சுப் பாக்கும்போது வெல்னெஸ்ங்கறது கீரை, பீன்ஸ், பன்னிக்குட்டி எல்லாம் சேந்ததுதான்.

ஸ்பெல்மன்ல லில்லி ஆலன்னு ஒருத்தங்க ஒரு செஷன் நடத்தினாங்க, கறுப்பினப் பெண்ணா இருக்கறதோட நெஜம் என்னங்கறதுதான் தலைப்பு. ரூம் நெறஞ்சு வழிஞ்சுது. நீங்க சொன்ன அந்த வட்டமா உக்காந்து அழறது, அதேதான் நடந்துச்சு. அதுலேர்ந்து ஊர் ஊரா குழுக்கள் மொளைச்சுது, சுய உதவிக் குழுன்னுதான் அதுக்கும் பேரு, ஆனா நம்ம ஊர் லோன் நோட்ட மறந்துடுங்க. யாராச்சும் வீட்ல, சர்ச் ஹால்ல கூடுவாங்க. ஒருத்தி பேசும்போது குறுக்க பேசக்கூடாது, உள்ள பேசினது வெளிய போகக்கூடாது. அங்க பொம்பளைங்க செருப்பக் கழட்டிப் போட்டுட்டு பேச ஆரம்பிச்சா மொதல்ல அழுகை வர்றது வன்முறையப் பத்தித்தான்னு ஏவ்ரி சொல்றாங்க. ஹெல்த்னு பேச வந்த எடத்துல மொத எடத்துல நின்னது கேன்சரும் இல்ல சக்கரையும் இல்ல, வீட்டுக்குள்ள விழுற அடி. இது எந்த ஆஸ்பத்திரி ஃபைல்லயும் அப்ப இல்ல. அழாம இருந்திருந்தா போராட்டத்துக்கான கோரிக்கை என்னன்னே தெரிஞ்சிருக்காது, அதான் உங்களுக்கு நான் சொல்றது.

தெருவும் வட்டமும் எதிர் எதிர்னு நீங்க வெச்சிருக்கீங்க, பாஸ்டன்ல நடந்ததப் பாருங்க. 1979 ஜனவரிலேர்ந்து மே மாசத்துக்குள்ள அங்க பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கொல்லப்பட்டாங்க, கிட்டத்தட்ட எல்லாருமே கறுப்பினத்தவர். ஏப்ரல்ல ஒரு அஞ்சலி ஊர்வலம். மேடை ஏறின ஆம்பளைங்க, இது இனப் பிரச்சன, பொம்பளைங்க பத்திரமா வீட்டுக்குள்ள இருங்கன்னு பேசினாங்க. கம்பாஹி ரிவர் கலெக்டிவ்ங்கற பாஸ்டன் கறுப்பினப் பெண்ணியக் குழுவுல இருந்த பார்பரா ஸ்மித்துக்கு அங்கயே கொதிச்சுடுச்சு, போய் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினாங்க, ஆறு கறுப்பினப் பெண்கள் ஏன் செத்தாங்கன்னு. ஒவ்வொரு கொலைக்கும் அந்த ஆறை அடிச்சுட்டு ஏழு, எட்டுன்னு மாத்திக்கிட்டே போக வேண்டியிருந்துச்சு. உள்ள இருந்தது, கொன்னது இனவெறி மட்டும் இல்ல, பொம்பளைங்கறதுக்காகவும்தான்ங்கற வாதம், கூடவே தனியா போறவங்க பாதுகாப்புக்கு என்ன செய்யலாம், உதவிக்கு யாருக்கு போன் பண்ணலாம்ங்கற லிஸ்ட். அரசியலும் பராமரிப்பும் ஒரே காகிதத்துல.

இனி விதை விஷயம். விதை இருந்துச்சு, நான் மறுக்கல. அந்த மாநாட்டுலேர்ந்து வளர்ந்த ஏவ்ரியோட அமைப்பு, நேஷனல் பிளாக் விமன்ஸ் ஹெல்த் ப்ராஜெக்ட், அதுலயே பின்னாடி இழுபறி வந்துச்சு, 1990ல வாஷிங்டன்ல ஆபீஸ் போட்டாங்க, சட்டம், கொள்கைன்னு ஒரு பக்கம், வட்டத்துல உக்காரறது ஒரு பக்கம், ரெண்டுக்கும் காசும் ஆளும் பத்தல. கொள்கைப் பக்கந்தான் நின்னுச்சு. வட்டத்த மட்டும் தனியா பிச்சு எடுத்து விக்கறது இன்னும் சுலபம், விக்கறாங்க, அழகான தலகாணி படத்தோட. அதே சமயம் வட்டம் எவ்வளவு பலமா இருந்தாலும் ஆஸ்பத்திரி காது கேக்கலன்னா ஒண்ணும் இல்ல. செரீனா வில்லியம்ஸ் 2017ல கொழந்த பெத்த மறுநாள் மூச்சு முட்டி, எனக்கு ரத்தக் கட்டி வர்ற ஒடம்பு, சிடி ஸ்கேன் எடுங்க, ஹெபாரின் (ரத்தம் உறையாம இருக்கற மருந்து) போடுங்கன்னு கேக்கறாங்க, நர்ஸ் வலி மருந்துல ஒளர்றாங்கன்னு நெனச்சாங்க. ஸ்கேன் எடுத்தா நுரையீரல்ல கட்டி. பணம், பேர், தெளிவு எல்லாம் இருந்தும் இது. அமெரிக்க அரசாங்கக் கணக்குலயே 2021ல ஒரு லட்சம் பிரசவத்துக்கு கறுப்பினத் தாய்கள் சாவு 69.9, வெள்ளையினத்துல 26.6. வறுமையாலன்னு மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. ஆர்லைன் ஜெரோனிமஸ்ங்கற ஆராய்ச்சியாளர் 1992லயே சொன்னாங்க, கறுப்பினப் பெண்கள்ல பதின்ம வயசுல பெத்தவங்க கொழந்தைங்கள விட இருபதுகள்ல பெத்தவங்க கொழந்தைங்களுக்குத்தான் ஆபத்து அதிகம்னு, ஏன்னா வயசு ஏற ஏற அவமானமும் ஓட்டமும் சேந்து அந்த ஒடம்ப சீக்கிரம் தேய்ச்சுடுது. இதுக்கு மூச்சுப் பயிற்சி பத்தாது, ஆனா இது எனக்கு மட்டும் நடக்கலன்னு தெரியாம இதப் பத்தி கேஸ் போடவும் முடியாது.

உங்க ஆபீஸுக்கு வரேன். அந்த ட்ரெய்னர் செஷன்ல யாரும் பேசியிருக்க மாட்டீங்க, ஹெச்ஆர் ஒக்காந்திருக்கற ரூம்ல யார் பேசுவா. டீம்ல மிச்சம் இருக்கறவங்க மட்டும் ஒரு சனிக்கிழம யார் வீட்லயாவது கூடுங்க, ட்ரெய்னர் வேண்டாம், ஆளுக்குப் பத்து நிமிஷம், குறுக்க பேசாம. யாருக்கு தூக்கம் போச்சு, யாருக்கு பீரியட்ஸ் தள்ளிப்போச்சு, யார் பிபி மாத்திர ஆரம்பிச்சாங்கன்னு எழுதிக்கங்க, பேர் வேண்டாம். அப்பறம் அந்த ரெண்டு காலி போஸ்டுக்கு ஆள் எடுங்கன்னு எல்லாரும் சேந்து மெயில் போடுங்க. ஸ்டாண்டீ இன்னும் ரிசப்ஷன்ல இருந்தா விட்டுப்போன அந்தக் கடைசித் துண்டையும் மெயில்ல சேத்துடலாம்.